மஞ்சள் முதுகு

அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால் போகிறேன், இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. உவரியில் இட்லி தின்று, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கேப்டன் விசில் ஊதி, சைக்கிள் வரிசை கிளம்பி, இளவட்டங்கள் எல்லாம் முன்னால் பறந்துபோய், மிஞ்சியது வழக்கம்போல ஹெப்சிபாவும் நானும்தான். ஹெப்சிபா என் மனைவி. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் திருச்செந்தூரில் எல்லோரும் கூடி நின்றபோது, குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி என்னிடம், "அங்கிள், அந்த ஆன்ட்டி தனியாவா வந்திருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லையே. நான் தூத்துக்குடியிலிருந்து வேனில் வந்தேன். அவள் நாகர்கோவிலிலிருந்து வந்தாள், அங்கே உள்ள ஆட்கள் இரண்டு பேர் சுமை ஆட்டோவில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவர்களோடு. சாயங்காலம் கன்னியாகுமரியில் எல்லாம் முடிந்ததும் வேன் தூத்துக்குடிக்குப் போகும், சுமை ஆட்டோ நாகர்கோவிலுக்குப் போகும். அவள் சைக்கிள் எதில் ஏறும் என்பதுதான் கேள்வி. ஆட்டோவில் ஏறினால் அவள் அங்கேயே இருக்கப் போகிறாள் என்று அர்த்தம். வேனில் ஏறினால் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் நான் கேட்டாக வேண்டும். கேட்பதற்காகத்தான் வந்தேன், இந்த எதிர்காற்றில் யாருக்கு வேண்டும் சைக்கிள்.

ஆடி மாதம் இந்தக் கரையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, கேப்டனுக்குத்தான் தோன்றியிருக்கும், பல் டாக்டர், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற ஆள், அவருக்குக் காற்று வேண்டியிருக்கிறது. முகத்தில் அறைகிறது. மேற்கே மலை இடைவெளியில் புறப்பட்டு, தடுக்க ஆள் இல்லாமல் வந்து, ரோட்டில் கிடக்கிற மணலை எல்லாம் அள்ளி என் மேலேயே போடுகிறது. இடது பக்கம் கடல், அதன் சத்தம்கூட இங்கே வருவதில்லை. வாயைத் திறந்தால் பல்லில் மண். கூத்தங்குழிக்குப் பாதை பிரிகிற விலக்குக்கு முன்னால் ஒரு இடத்தில் கண்ணே தெரியாமல் போய், நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அது துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து, கடைசியில் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெறும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தூரத்தில் இருப்பது கொஞ்சம் கலங்கித் தெரியும், பரவாயில்லை, மஞ்சள் தெரிந்தால் போதும். அதோ தெரிகிறது. வெள்ளை ஹெல்மெட், மஞ்சள் ஜாக்கெட். குழுவில் எல்லோரும் மஞ்சள் ஜாக்கெட் போட வேண்டும் என்று சொன்னதே நான்தான். துறைமுகத்தில் எடைமேடையில் எனக்கு வேலை, லாரிகளுக்கு நடுவே நாங்கள் போடுகிற அதே ஒளிரும் ஜாக்கெட், அதே கடையில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தேன். அரை மைலுக்குத் தெரியும். தெரிகிறதா இல்லையா?

இன்றைக்கு நான் வால். கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களுக்கு முன்னால் கேப்டன், கடைசியில் வால். வாலுக்கு ஒரே சட்டம்தான், யாரையும் தாண்டக் கூடாது. எவ்வளவு மெதுவாகப் போகிறவரானாலும் அவருக்குப் பின்னால்தான் போக வேண்டும், அவர் நின்றால் நிற்க வேண்டும், பஞ்சரானால் மாற்றிக் கொடுக்க வேண்டும், பம்பும் டியூபும் வாலிடம்தான் இருக்கும். ரொம்பவும் ஒட்டிப் போகக் கூடாது, போனால் மெதுவாகப் போகிறவருக்கு மாட்டை ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஆகவே நல்ல இடைவெளி விட்டு, கண்ணில் படுகிற தூரத்தில். எப்போதும் இந்த வேலையை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள். இன்றைக்கு நானே கையைத் தூக்கினேன். கேப்டன் ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார். அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும், அந்தப் புதுப் பெண்ணைத் தவிர. கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்கியது. இந்தச் சொல்தான் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. ஹெப்சிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்துவிட்டது என்று சொன்னாள், நானும் ஊரெல்லாம் அப்படியே சொன்னேன், என்ன செய்வது, மாற்றல் வந்தால் போய்த்தானே ஆக வேண்டும் என்று. பிறகு ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர், அவள் ஆபீஸ்காரர், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மேடம் கேட்டுலா வாங்கிட்டுப் போனாவ. வேற யாரும் கேக்கல, ஒடனே குடுத்துட்டாங்க." நான் தலையை ஆட்டினேன், தெரிந்த மாதிரி. பாயசம் நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

என்ன சொல்வது என்பதைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். "ஹெப்சி, போதும், வீட்டுக்கு வா." இதுதான் நேற்று ராத்திரி வரை இருந்தது. காலையில் யோசித்தால் ஒவ்வொரு சொல்லும் இடிக்கிறது. போதும் என்றால் எது போதும்? அவள் ஏதோ விளையாட்டுக்குச் செய்த மாதிரி ஆகிவிடும். வா என்பது அதட்டல். வந்துரு என்றால் கொஞ்சம் தணிவு. வந்தால் நன்றாக இருக்கும் என்றால், யாருக்கு நன்றாக இருக்கும் என்று கேட்பாள், அவள் இன்சூரன்ஸ்காரி, ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவைதான் நான் காரணம் கேட்டேன், போனில். அவளுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, யாரோ குழாயை மூடினார்கள், அவளேதான் மூடியிருப்பாள். பிறகு சொன்னாள்: "நான் அங்க இருந்தாலும் இங்க இருந்தாலும் உங்களுக்கு ஒண்ணுதான. எனக்குத்தான் வித்தியாசம் இருக்கு." கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாகிப் போயிருக்கும். எப்படி ஒன்றாகும்? எடுத்துச் சொல்கிறேன், கேட்கட்டும். காபி நானே போட்டுக் குடிக்கிறேன், அது காபியாகவே இல்லை. கேஸ் தீர்ந்து இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டேன். ராத்திரி கதவைப் பூட்டினோமா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டால் என்ன பேசுவதென்று தெரியவில்லை, முன்பெல்லாம் இந்தா அம்மாவிடம் பேசு என்று கொடுத்துவிடலாம். இவ்வளவு இருக்கிறது, எப்படி ஒன்றாகும்? இதை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். காபியிலிருந்து ஆரம்பிக்கலாம். வேண்டாம், காபி கடைசியில்.

வேகமாகப் போகிறாள். இதைச் சொல்லியே ஆக வேண்டும், நன்றாகவே மிதிக்கிறாள். எதிர்காற்றில் தலையைக் குனிந்து, வலது தோளைக் கொஞ்சம் தூக்கி, ஒரே சீராக. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால்தான் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை. முத்தையாபுரம் பாலம் ஏறுவதற்குள் இரண்டு தடவை இறங்கி நின்று, "நீங்க போங்க, நான் மெல்ல வாறேன்" என்பாள், நானும் போய்விடுவேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பேன். இப்போது பார். காலையில்கூடத் திருச்செந்தூரிலிருந்து உவரி வரைக்கும் அசைந்து அசைந்துதான் வந்தாள். இட்லி தின்றதும் எங்கிருந்து வந்தது இந்த வேகம்? நாகர்கோவிலில் தினமும் ஓட்டுகிறாள் போலிருக்கிறது. காலையில் எழுந்து, எனக்குக் காபி போடுகிற நேரத்தில், அந்தக் குளிர்ந்த ஊரில், வயல் ஓரமாக, தன்பாட்டுக்கு. மிக்சியை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவள்தானே. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், மாற்றலில் போகிறவள் முதலில் மிக்சியைத்தானே எடுப்பாள். தேறிவிட்டாள். நான் இல்லாமல் நன்றாகத் தேறிவிட்டாள், அந்த முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. நோய் தீர்ந்து எழுந்த ஆளின் முதுகு. அப்படியானால் நான்தான் நோயா? சே. பல்லில் மண். துப்பினால் என் மேலேயே விழுகிறது.

ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீம்பு. கல்யாணமான புதிதிலேயே உண்டு, கடைத்தெருவில் முன்னால் நடந்தாள் என்றால் அவ்வளவுதான், புருஷன் பின்னால் வருகிறானா, காணாமல் போனானா, கவலை கிடையாது. இல்லை, அப்போது முன்னால் நடந்தது நான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். சரி, யாரோ முன்னால் நடந்தோம். தண்ணீரும் குடிக்கவில்லை, இவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன், பாட்டிலைத் தொடவே இல்லை. தாகம் எடுக்கும் முன்னால் குடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கத்திச் சொல்லலாம், காற்றுக்கு எதிராகக் கத்தினால் எனக்கே கேட்காது. பள்ளம் வருகிறது, கையைக் காட்டாமலேயே ஒதுங்கிப் போகிறாள். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும், பின்னால் வருகிறவருக்காக, இது குழுவில் முதல் பாடம். காட்டவில்லை. நான் பின்னால் வருகிறேன் என்று தெரிந்தே காட்டவில்லை. விழுந்தால் விழட்டும் என்று. நான் பள்ளத்தில் இறங்கி ஏறினேன், இடுப்பில் ஒரு குத்து. அவ்வளவு வெறுப்பா, ஹெப்சி?

அவ்வளவு வெறுப்பு இருந்தால் வந்திருக்க மாட்டாள். நான் வருவேன் என்று தெரிந்துதானே வந்தாள், குழுவில் பெயர் கொடுத்தவர்களை எல்லோரும் போனில் பார்க்கலாம். வந்து, "இட்லி ஆறிப்போயிருக்கு, வடைய எடுங்க" என்றுகூடச் சொன்னாள். வெறுப்பவள் வடையை எடுங்கள் என்பாளா? ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். மரியாதைக்குச் சொல்கிறவள் இட்லி ஆறிப்போனதைக் கவனிப்பாளா? காற்றாலைக் காற்றாடிகள் வந்துவிட்டன. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் முள்காட்டுக்கு மேல் வெள்ளை வெள்ளையாக, ஒன்று விடாமல் சுற்றுகின்றன, அதன் கீழே போகும்போது வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம், விஸ், விஸ், நிழல் ரோட்டின் குறுக்கே வந்து வந்து போகிறது. எனக்கு எப்போதும் பயம் இதன் கீழே போக. அவளுக்கும் பயம்தான், போன வருஷம் இதே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்றாள். இன்றைக்குப் பயமே இல்லாமல் நிழலுக்குள் போகிறாள், வெளியே வருகிறாள். கேட்டுவிடலாம். இடைவெளியாவது ஒன்றாவது, வேகமாக மிதித்துப் பக்கத்தில் போய், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, ஹெப்சி, எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை. இதுதான். காபியும் வேண்டாம் கேஸும் வேண்டாம். முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள். முடியல ஹெப்சி. கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரிதான் இருக்கிறது, இருக்கட்டும், அம்பத்தஞ்சு வயதில் கெஞ்சாமல் எப்போது கெஞ்சுவது. முடியல. நீ வேனில் ஏறு. இன்னும் வேகமாகப் போகிறாள். நான் நெருங்க நெருங்க வேகமாகப் போகிறாள். என்னை நெருங்க விடக் கூடாது என்று இருக்கிறாள்.

திடீரென்று வலது பக்கம் திரும்பிவிட்டாள். ரோட்டை விட்டு, காற்றாடிகளுக்குப் போகிற மண்பாதையில். நான் பிரேக் பிடித்தேன். எங்கே போகிறாள்? வழி நேராகத்தானே? பிறகு புரிந்தது. பெண்பிள்ளை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம், இந்தக் கரையில் ஒதுங்க ஒரு இடம் கிடையாது, முள்காடு மறைவு பார்த்துப் போகிறாள். பாவம், சொல்லவும் முடியாது. வால் தாண்டக் கூடாது, வால் காத்திருக்க வேண்டும். மண்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போய், மரியாதையாகச் சைக்கிளை நிறுத்தி, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். இதுதான் நல்ல சமயம். திரும்பி வரும்போது முகத்துக்கு முகம், ரோட்டில் ஆள் இல்லை, குழு போய்விட்டது, சொல்லிவிட வேண்டும். சட்டையில் மணலைத் தட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கினேன், பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஒதுக்கிய மாதிரி. பின்னால் மணலில் காலடிச் சத்தம் வந்தது. திரும்பாமலேயே ஆரம்பித்துவிட்டேன். "எனக்கு நீ இல்லாம..."

"என்ன அண்ணாச்சி, யாரு வேணும் உங்களுக்கு?"

மீசை. முதலில் பார்த்தது மீசையைத்தான், நரைத்து, இரண்டு பக்கமும் முறுக்கின மீசை. வெள்ளை ஹெல்மெட், அது சைக்கிள் ஹெல்மெட் இல்லை, கம்பெனி ஹெல்மெட். மஞ்சள் ஜாக்கெட்டின் முதுகில் ஏதோ காற்றாலைக் கம்பெனியின் பெயர். சைக்கிள் ஹேண்டிலில் தூக்குவாளி. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும் அவருக்கு, இரைக்க இரைக்க நின்றார், முகத்தில் கோபமும் பயமும் பாதிக்குப் பாதி. "கூத்தங்குழி விலக்குலருந்து பின்னாலயே வாறியளே. நான் மெதுவா போனா மெதுவா வாறிய, வெரசா போனா வெரசா வாறிய. கம்பெனி ஆளா? லேட்டுன்னு எழுதப் போறியளா? டயர்ல காத்து கொறஞ்சு போச்சு அண்ணாச்சி, அதான் லேட்டு, வேணும்னா வந்து பாருங்க. திரும்பிப் பாத்தா மாட்டிக்கிருவோம்னு முட்டி கழலுத மாதிரி மிதிச்சேன்." கம்பெனி ஆள் இல்லை என்றேன். பின்னே என்றார். என்ன சொல்வது? "ஒங்கள என் பொண்டாட்டின்னு நெனச்சிட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தூக்குவாளியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "வெயிலு கூடுதலு" என்று சொல்லிவிட்டு, என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அப்படியானால் ஹெப்சி எங்கே? சைக்கிளைத் திருப்பிவிட்டேன், திருப்பியதும்தான் காற்று பின்னால் பிடித்துத் தள்ளியது, மிதிக்கவே வேண்டாம், வேகமாகப் போகப் போகப் பயமும் வேகமாக வந்தது. மணல் அடித்ததே அங்கேதான், நான் நின்று கண்ணாடியைத் துடைத்தேனே அப்போதுதான். அதற்கு முன்னால் பார்த்தது அவளை, அதற்குப் பின்னால் பார்த்தது மீசைக்காரரை. நடுவில் என்ன ஆனது? விழுந்திருப்பாள். மீன் வண்டி, ஐஸ் வண்டி, இந்த ரோட்டில் அவனவன் கண்மூடித்தனமாக வருகிறான். ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன், சிமெண்டுச் சாக்கு ஒன்று கிடந்தது, உயிரே போய்விட்டது. நிறுத்திப் போனை எடுத்தேன். ஓட்டும்போது போன் சத்தம் கூடாது என்று சீட்டுக்குக் கீழே பையில் போட்டு வைப்பேன், அதுவும் என் சட்டம்தான். ஹெப்சி, ஹெப்சி, ஹெப்சி என்று வரிசையாக அவள் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பிக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது ஒரு குரல். வால் என்று கையைத் தூக்கினேனே, ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொள்வதற்காகத் தூக்கினேனே. கர்த்தாவே, சுமை ஆட்டோவில் ஏறினால் ஏறட்டும், நாகர்கோவிலிலேயே இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும், இருந்தால் போதும். இதைச் சத்தமாகவே சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் இடிக்கவில்லை.

விலக்கில் ஒரு பஸ் நிழற்குடை, அதன் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் தலைகீழாக நின்றது, பின்சக்கரம் தனியே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து, முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"பஞ்சர்" என்றாள். "பம்பு உங்ககிட்டலா இருக்கு."

"விழுந்துட்டியோன்னு நெனச்சேன்."

"விழல. மணல் அடிச்சுதுன்னு இதுக்குள்ள ஒதுங்குனேன், பாத்தா டயர் உக்காந்துட்டு. நீங்க வந்திய. எந்திரிச்சு நின்னு கைய ஆட்டுனேன், கூப்பிட்டேன். நீங்க நேரா பாத்துக்கிட்டு, வாய அசைச்சுப் பேசிக்கிட்டே போயிட்டிய. போன்ல யார்ட்டயோ பேசுறியன்னு நெனச்சேன். அப்புறம் போன் போட்டா எடுக்கல, அப்புறம் டவரும் போயிட்டு." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது, பஸ் வரவில்லை என்று சொல்கிற குரல். "எங்க போயிட்டு வாறிய?"

மறைத்திருக்கலாம். குழுவைப் பார்க்கப் போனேன் என்று ஒரு பொய் கையிலேயே இருந்தது. மீசையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒதுங்கப் போகிறாள் என்று கடலைப் பார்த்துத் திரும்பி நின்றதைச் சொன்னபோது முந்திரிக்கொத்து புரையேறி, சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து. நானும் சிரித்தேன், அசடு வழிய. பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அவர் நல்லா மிதிச்சாரோ?"

"ரொம்ப நல்லா."

"நான் அப்படி மிதிப்பேன்னு நெனச்சியளா?"

"தேறிட்டன்னு நெனச்சேன். நாகர்கோவில் போயி."

நான் குந்தி உட்கார்ந்து டயரைப் பிரித்து, பழைய டியூபை உருவி, டயருக்குள் விரலை விட்டுத் தடவினேன். கருவேல முள், ஒடிந்த நுனி மட்டும் உள்ளே இருந்தது. அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவள் கையில் மோதிரவிரல் ஓரத்தில் ஒரு சூட்டுத் தழும்பு, புதிது, காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. தனியாகச் சமைக்கும்போது பட்டிருக்கும், இல்லை ஆபீஸில் டீ கொட்டியிருக்கும். எனக்குத் தெரியாது.

"என்னதான் பேசிக்கிட்டே போனிய?" என்றாள்.

"ஒன்ட்டதான்."

"அது தெரியுது. என்னன்னு?"

இதோ கேட்டுவிட்டாள், கேட்பதற்கு ஆளும் இருக்கிறது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. புது டியூபைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். காபி. கேஸ். கதவு. மகளின் போன். ஒவ்வொன்றாக நாக்கில் வந்து நின்றது, ஒவ்வொன்றிலும் நான்தான் இருந்தேன். முடியல என்பதிலும் நான்தான். கடைசி வரை நான் அந்த மீசைக்காரரிடம் பேசியது சரிதான், அவருக்குச் சொன்னாலும் அவளுக்குச் சொன்னாலும் ஒன்றுதான் அது. "வீட்டுக்கு வந்துருன்னு சொல்ல வந்தேன்" என்றேன், சுருக்கமாக.

அவள் டயரைப் பிடித்துக்கொண்டாள், நான் டியூபை உள்ளே தள்ளினேன். இதை நாங்கள் நிறையத் தடவை செய்திருக்கிறோம், பேசாமலேயே கை போகும். சக்கரத்தை மாட்டினோம். பம்பை நான் அடிக்க, டயரை அழுத்திப் பார்த்துப் போதும் என்றாள். பிறகு சொன்னாள், "நான் ஆட்டோலதான் ஏறுவேங்க. நாகர்கோவிலுக்கு."

"சரி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பம்பைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்தேன், அது மணலில் மாட்டிக்கொண்டது. வலித்தது. பல் பிடுங்கின இடத்தில் மருந்து இறங்குகிற மாதிரி நிதானமாக, முழுசாக வலித்தது. அழுதுவிடுவேனோ என்றுகூட இருந்தது. ஆனால் அவள் முழுசாக எதிரே நிற்கிறாள், ஹெல்மெட் பட்டியை மாட்டுகிறாள், கழுத்தில் மணல் ஒட்டியிருக்கிறது. சாலையில் சிமெண்டுச் சாக்காகக் கிடக்கவில்லை. அங்கே அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மாடியா, கீழா, தண்ணீர் வருமா, ராத்திரி யார் துணை, எதுவும் தெரியாது. எப்போது வருவாய் என்று மட்டும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"அங்க வீடு எப்படி இருக்கு?" என்றேன்.

பட்டியை மாட்டின கை நின்றது. "எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எப்படி இருக்குன்னு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், இவன் இதிலும் ஏதாவது வைத்திருக்கிறானா என்கிற மாதிரி. பிறகு சைக்கிளில் ஏறினாள். நானும் ஏறினேன். வால் பின்னால்தான் போக வேண்டும், பின்னால் போனால் ஒன்றும் கேட்காது, சட்டம் கிடக்கிறது என்று பக்கத்தில் போனேன். காற்று மறுபடி முகத்தில் அறைந்தது. மாடி வீடு என்றாள். வடசேரிப் பக்கம், படி செங்குத்து, முதல் வாரம் முட்டி வலித்தது என்றாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், சாயங்காலம் மேகம் இறங்கி, என்று சொல்லும்போது பின்னால் ஒரு மீன் வண்டி ஆரன் அடித்துத் தள்ளிக்கொண்டு போனது, நாங்கள் மண்ணில் இறங்கி ஏறினோம். அவள் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே வந்தாள், கையை ஒரு தடவை ஹேண்டிலிலிருந்து எடுத்து ஏதோ உயரத்தைக் காட்டினாள். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது, சொல்லை எல்லாம் காற்று கொண்டுபோய்விட்டது.

"கேக்கல" என்று கத்தினேன். "என்ன?"

அவள் சைக்கிளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் ஒட்டிக் கொண்டுவந்து, மாடி வீடு என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.